பேனாவை எடுப்பதற்கு முன்

(தொழில்முனைவோர் போட்டி ஒன்றின் இறுதிச் சுற்று தொடங்குவதற்கு முன், நடுவர்களாக வந்திருந்த தொழிலதிபர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் முன்னால் ஒரு மதிப்பெண் தாள் இருக்கிறது. யோசனை, சந்தை, குழு, கணக்கு, பேச்சு என்று ஐந்து கட்டங்கள். நம்மில் சிலர் அதன்மேல் தண்ணீர் டம்ளரை வைத்தாயிற்று. குறையாகச் சொல்லவில்லை. வருடக்கணக்காக ஆள் எடுத்து, சரக்கு விற்று, நஷ்டத்தையும் பார்த்தவர்கள் நாம். ஒரு ஆள் வாயைத் திறந்ததுமே இவன் தேறுவானா மாட்டானா என்று தெரிந்துவிடும் என்றொரு நம்பிக்கை நமக்கு உண்டு. அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இன்றைக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நான் முதல் தடவை நடுவராக உட்கார்ந்த நாள். முதலில் வந்த அணி நன்றாகவே பேசியது. 8 போடலாம் என்று கை போனது. ‘இப்போதே 8 போட்டுவிட்டால், இதைவிட நல்லது வரும்போது எங்கே போவது?’ என்று 6 போட்டேன். அதைவிட நல்லது வரவே இல்லை. சாயங்காலம் ஆக ஆக என் கை தாராளமாகிவிட்டது. கடைசியில் வந்தவர்கள் முதல் அணிக்கு எந்த விதத்திலும் மேல் இல்லை. ஆனாலும் என் தாளில் அவர்களுக்கு 8. திரும்பிப் போய்த் திருத்த எனக்குச் சோம்பல். உண்மையைச் சொன்னால், கௌரவக் குறைச்சல்.

இது என் ஒருவனுடைய கோளாறு என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பெல்ஜியத்தில் குயின் எலிசபெத் இசைப் போட்டி என்று ஒன்று நடக்கிறது. அதன் பியானோ இறுதிச் சுற்றில் 12 பேர், ஆறு நாட்கள், நாளுக்கு இரண்டு பேர். யார் எந்த நாள் வாசிப்பது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள். பல வருட முடிவுகளை இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். முதல் நாள் வாசித்தவர்கள் பின்தங்கியிருந்தார்கள். காது பழகிய இசை நடுவர்களுக்கே இந்தக் கதி. நாம் எந்த மூலைக்கு?

சரி, வரிசையால் வரும் கோளாறைக்கூடக் கவனமாக இருந்தால் சமாளித்துவிடலாம். அடுத்தது அப்படி இல்லை.

2011-இல் நைஜீரிய அரசு இளைஞர்களுக்காக ஒரு தொழில் திட்டப் போட்டி நடத்தியது. கிட்டத்தட்ட 24,000 பேர் விண்ணப்பித்தார்கள். 1,200 பேருக்குப் பரிசு, ஆளுக்குச் சராசரியாக 50,000 டாலர். அதில் டேவிட் மெக்கென்சி என்ற பொருளாதார வல்லுநர் செய்த ஆய்வு மிகவும் பேசப்பட்டது. பணம் கிடைத்தவர்களில் பலர் தொழிலை நன்றாகவே வளர்த்தார்கள், ஆட்களைக் கூடுதலாக வேலைக்கு வைத்தார்கள். ஆனால் அவரும் இன்னொருவரும் சேர்ந்து, நடுவர்கள் போட்ட மதிப்பெண்ணை மூன்று வருடம் கழித்துத் தொழிலின் நிலைமையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. தொழில் நிலைத்ததா, எத்தனை பேருக்கு வேலை, விற்பனை, லாபம் எதனோடும் ஒட்டவில்லை. கம்ப்யூட்டரை வைத்துக் கணித்துப் பார்த்தும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. அதனால் நமக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இன்னொன்று. 1998-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்த இதே மாதிரிப் போட்டியில் டேனி லெவின், டாம் லெய்ட்டன் என்ற இருவரின் அணி இறுதிச் சுற்று வரை வந்தது, பரிசு வாங்கவில்லை. அந்த அணிதான் அகமாய் நிறுவனம் ஆனது. அடுத்த வருடமே பங்குச் சந்தைக்குப் போனார்கள். இணையத்தில் படமும் வீடியோவும் திணறாமல் வந்து சேர்வதற்குப் பின்னால் இருக்கும் பெரிய நிறுவனங்களில் அது ஒன்று.

‘அப்படியானால் எங்களை எதற்கு அழைத்தீர்கள்?’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஜோசியம் பார்க்க அழைக்கவில்லை. கேள்வி கேட்க அழைத்தோம். பேச்சு முடிந்த பிறகு வருகிற அந்த ஐந்து நிமிடம்தான் இந்தப் பிள்ளைகளுக்கு வேறெங்கும் கிடைக்காதது.

அதிலும் நான் சறுக்கியிருக்கிறேன். ஒரு பெண் வந்தார். மருத்துவமனையில் நோயாளிக்கு ஏறுகிற டிரிப் பாட்டில் தீரப்போகும்போது நர்ஸுக்குச் சத்தம் கொடுக்கிற சின்னக் கருவி. மேசை மேல் பாட்டிலைத் தொங்கவிட்டுக் காட்டினார். அருமையாக வேலை செய்தது. நான் கேட்டேன்: “பெரிய கம்பெனி எவனாவது காப்பியடித்தால் என்னம்மா செய்வீர்கள்?” அவர் பத்திரமான பதிலாகத்தான் சொன்னார். வேறென்ன சொல்ல முடியும்? அடுத்து வந்தது மூன்று பையன்கள். அவர்கள் பொருளையும் யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம். அவர்களிடம் நான் கேட்டது: “மூன்று வருடத்தில் எத்தனை ஊருக்குப் போவீர்கள் தம்பி?” பையன்களுக்குச் சிறகு முளைத்துவிட்டது. அன்றைக்கு எனக்கு இது உறைக்கவே இல்லை.

டானா கான்ஸ் என்ற ஆய்வாளர் 2010 முதல் 2016 வரை நியூயார்க்கில் நடந்த ஒரு ஸ்டார்ட்அப் போட்டியின் கேள்வி பதில்களை அலசினார். ஆண்களிடம் கேட்ட கேள்விகளில் 67 சதவீதம் ‘எவ்வளவு வளரும்’ ரகம். பெண்களிடம் கேட்டதில் 66 சதவீதம் ‘விழுந்தால் என்ன ஆகும்’ ரகம். பெண் நடுவர்களும் அப்படியேதான் கேட்டிருக்கிறார்கள். வளர்ச்சிக் கேள்வி கிடைத்தவர்கள் பின்னால் பல மடங்கு அதிக முதலீடு திரட்டினார்கள். அதனால் இன்று ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். இரண்டு கேள்விகள் எல்லா அணிக்கும் பொது, தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது. ஒன்று வளர்ச்சி பற்றி, ஒன்று ஆபத்து பற்றி. அப்புறம் உங்கள் விருப்பம்.

உங்கள் விருப்பம் என்றதும் எனக்குப் பிடித்த கேள்வியைச் சொல்லிவிடுகிறேன்: “விற்ற சரக்குக்குக் காசு எத்தனை நாளில் கைக்கு வரும்?” அந்த டிரிப் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 100 கருவி விற்பதாக வைத்துக்கொள்வோம். உதிரி பாகம் விற்பவருக்கு ரொக்கம் கொடுக்க வேண்டும். மருத்துவமனை பணம் தருவது 90 நாள் கழித்து. ஆக, முதல் காசைக் கண்ணால் பார்ப்பதற்குள் 300 கருவிக்கான முதலைப் போட்டாக வேண்டும். ஸ்லைடில் ஒவ்வொரு மாதமும் லாபம்தான். கல்லாவில் மூன்றாம் மாதமே துடைத்து வைத்தாற்போல் இருக்கும். நாமெல்லாம் கையைச் சுட்டுக்கொண்டு கற்றது இது. ‘உங்கள் கனவு என்ன?’ என்று கேட்பதைவிட இதைக் கேட்டால் அந்தப் பிள்ளைகள் இன்று இரவே உட்கார்ந்து கணக்கைத் திருத்துவார்கள்.

கேள்வி என்று ஆரம்பித்துத் தன் சரித்திரத்தை நாலு நிமிடம் சொல்கிற நடுவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒன்றிரண்டு தடவை அது நானே.

அவசரமாக இன்னும் சில. உங்கள் தொழிலோடு மோதுகிற அணி வந்தால், அல்லது உங்கள் உறவுக்காரப் பிள்ளை அணியில் இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்தச் சுற்றுக்கு ஒதுங்கிவிடுங்கள். இங்கே கேட்ட யோசனை இந்த அறையோடு இருக்கட்டும். ஒவ்வொரு அணி போனதும் பேசாமல் மதிப்பெண்ணை எழுதிவிடுங்கள். எழுதிய பிறகுதான் விவாதம். அதிலும் நம்மில் பெரிய கம்பெனிக்காரர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் தலையாட்டிவிட்டால் மற்றவர்கள் பேனாவும் சேர்ந்து ஆடும். இரண்டாவது அணி முடிந்ததும் பத்து நிமிடம் நிறுத்துவோம். முதல் அணிக்குப் போட்டதை அப்போது எடுத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். அதற்காகத்தான் பேனாவோடு பென்சிலும் ரப்பரும் வைத்திருக்கிறது.

பரிசு கொடுத்த கையோடு யாரும் கிளம்பிவிட வேண்டாம். தோற்ற அணிகளுக்குத் தலா பதினைந்து நிமிடம், பக்கத்து அறையில். எந்த அணிக்கு யார் என்று பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது.

முதல் அணி வெளியே வெகுநேரமாக நிற்கிறது. கூப்பிடலாமா?