சத்தம் போடுகிற டாப்பெட்

நேயர்களுக்கு வணக்கம். செங்கோட்டையில் பட்டறை வைத்திருப்பவன் நான். காரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று கூப்பிட்டார்கள். எனக்குக் காரில் பிடித்த இடமே இன்ஜின் தலையில் இருக்கிற மூடிக்கு, அதாவது டாப்பெட் கவருக்கு அடியில் இருக்கிற இடம்தான். காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியே விடும் கதவுதான் வால்வு. அதை இழுத்து மூடுவது ஸ்பிரிங். அமுக்கித் திறப்பது ராக்கர். அந்த ராக்கரைத் தள்ளுவது கேம்ஷாஃப்ட், கேம் என்ற மேடுகளோடு சுழலும் தண்டு. அதையே பேசுகிறேன்.

வானொலியில் படம் காட்ட முடியாது. நம்ம ஊர் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 2010 வரை புனலூருக்கு ஓடிய மீட்டர் கேஜ் வண்டி 'தடக் தடக்' என்று போகுமே, எதனால்? ஒரு தண்டவாளம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். வெயிலில் இரும்பு நீளும், நீள இடம் வேண்டும். வால்வுக்கும் அதே கதைதான். சூடானால் அதன் தண்டு நீளும். அதனால் வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விடுகிறோம். நோட்டுத்தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ஒரு தாள், இரண்டு தாள், இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான் அந்த இடம். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சுடும், பெரும்பாலும் அதற்குக் கூடுதலாக விடுவார்கள். அந்த இடைவெளி போடுகிற சத்தம்தான் 'டிக் டிக்'.

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டறை தொடங்கிய புதிது. புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டக்காரர் வீட்டுப் பையன், ராலி கார் பந்தயம் ஓட்டுகிறவர், எஸ்டீம் கார் வைத்திருந்தார். கேம்ஷாஃப்ட் மாற்றி, ஸ்பிரிங் மாற்றி, நிமிடத்துக்கு 7000 சுற்று வரை முறுக்குவார். வந்தவர், "அண்ணா, வண்டி நின்னா டிக் டிக்னு கேக்குது, கூட்டுக்காரங்க முன்னால நாணக்கேடா இருக்கு" என்றார். நானும் சின்ன வயசு. இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கவரைத் திறந்து, அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூக்களைக் காதால் கேட்டே ஒவ்வொன்றாக முறுக்கினேன். டிக் டிக் அடங்கி, வண்டி தையல் மிஷின் மாதிரி சீராக ஓடியது. சந்தோஷத்தில் 50 ரூபாய் கூடக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் புளியரை எஸ் வளைவில் வண்டி ஏறவில்லை. வால்வுகள் இருக்கிற இன்ஜினின் மேல்பகுதியை, அதாவது ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு, எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஓரத்தில் ஒரு துண்டு இல்லை. எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணாச்சி அப்போது ஓய்வில் இருந்தார். சாயங்காலம் டீ குடிக்க வருவார். அந்த வால்வை விரலில் சுழற்றிப் பார்த்துவிட்டு, "சத்தத்த அடக்கிட்டு வால்வ எரிச்சிட்டியேல" என்றார். ஐம்பது ரூபாயும் போச்சு, புது வால்வுக்கும் என் கைக்காசு.

எரிந்தது ஏன்? வால்வு தன் சூட்டை இறக்கி வைப்பது, மூடிக்கொண்டு தன் சீட்டில், அதாவது அது வந்து படியும் வளையத்தில் உட்காருகிற நேரத்தில்தான். இடைவெளி இல்லையென்றால் முழுக்க உட்காராது. சூடு போக வழியில்லை, போதாததற்குச் சந்து வழியாக நெருப்பு வேறு பீறிடும். இடைவெளி கூடித் தொளதொளவென்று இருக்கிற டாப்பெட் கத்தி உங்களைக் கூப்பிடும். இறுகிப்போனது வாயே திறக்காது. அதனால்தான் காதை நம்பாமல் அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

அளப்பது இப்படி. ராத்திரி முழுக்க வண்டி ஆறட்டும். பிளக்கைக் கழற்றிவிட்டால் இன்ஜினைக் கையால் சுற்றலாம். கேம் மாற்றிய வண்டியில் எக்ஸாஸ்ட் திறக்கத் தொடங்கும்போது அதே சிலிண்டரில் காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வைப் பாருங்கள். இன்லெட் மூடி முடியும் தறுவாயில் எக்ஸாஸ்டைப் பாருங்கள். இடைவெளியை அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகடு, கனமான புத்தகத்துக்குள் வைத்த இலையை உருவுகிற மாதிரி லேசாகப் பிடித்து வர வேண்டும். ஸ்குரூவைப் பூட்டும் லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூ கொஞ்சம் நகரும், மறுபடி அளந்தே ஆக வேண்டும். இதை நான் ஆயிரம் தடவை சொல்லியும் பையன்கள் கேட்பதில்லை. எந்த அளவு வைப்பது? கேம் மாற்றினால், காரோடு வந்த புத்தகத்தின் எண் செல்லாது. அந்தக் கேமைச் செய்தவன் கொடுத்த எண்தான்.

அப்புறம், அளந்ததை எழுதி வையுங்கள். பள்ளிக்கூட நோட்டு போதும். உதாரணத்துக்கு ஒரு வண்டி: போன தடவை எல்லா எக்ஸாஸ்டும் 0.20 மில்லிமீட்டர். இந்தத் தடவை மூன்று அப்படியே, ஒன்று மட்டும் 0.14. சரி, ஸ்குரூவைத் தளர்த்தி 0.20 ஆக்கிவிட்டுப் போகலாம். அடுத்த தடவையும் அதே வால்வு குறைந்திருந்தால், வால்வு சீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஹெட்டைக் கழற்றாமலே நோட்டு சொல்லிவிடுகிறது. கேஸில் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். ஸ்பிரிங்குக்குத்தான் பாதி நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன், போகட்டும். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் வால்வு ஒரு தடவை திறக்கும், அதனால் 7000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 58 தடவை திறந்து மூடுகிறது. ஸ்பிரிங் சோர்ந்தால் கேம் போகிற வேகத்துக்கு வால்வு திரும்பி வராது. பல இன்ஜின்களில் பிஸ்டன் வந்து அதை இடித்துவிடும். ஸ்பிரிங்கின் நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள், அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். மலை இறங்கி, கீழே வந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் நீலப் புகை ஒரு குப்பென்று வந்தால் வால்வுத் தண்டு வழியே எண்ணெய் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலைப் பாருங்கள். கேம்ஷாஃப்டைச் சுற்ற வைக்கும் டைமிங் பெல்ட்... சரி, ஒரு விரல்தான் இருக்கிறது. கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வணக்கம்.