ஏடிஹெச்டி இருக்கிற நமக்கு எந்த ஆப் கட்டுப்படியாகும்? என் கணக்கு நோட்டு

வணக்கம். கீழ் வீட்டுல மோட்டார் ஓடுது, அந்தச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.

இந்த நோட்டு தெரியுதா? பால் கணக்கு எழுதுற நோட்டுதான். இதுல ஒன்றரை வருஷமா ஒரு கணக்கு எழுதிட்டு வரேன். எந்த ஆப்புக்கு எவ்வளவு கட்டுனேன், அதை எத்தனை நாள் நெசமா திறந்தேன். அவ்ளோதான் இதுல இருக்கு.

எனக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனத்தை ஒரு இடத்துல நிறுத்தக் கஷ்டப்படுற நிலைன்னு டாக்டர் சொன்னப்ப வயசு 29. வீட்டுக்கு வந்ததும் வேலைகளைப் பட்டியல் போட்டு முடிக்க உதவுற ஆப் தேட ஆரம்பிச்சேன். புது ஆப் கிடைச்சா ஒரு வாரம் மனசு அதுலயே கிடக்கும், கலர் கலரா லேபிள் போடுவோம். மூணாவது வாரம் அப்படி ஒண்ணு இருக்கறதே மறந்துரும். உங்கள்ல பல பேருக்கு இது தெரியும்.

ஒரு ஆப், பேர் வேணாம், ஏழு நாள் ஃப்ரீ ட்ரையல்னு போட்டிருந்துச்சு. யுபிஐ ஆட்டோபே, அதாவது தானா காசு எடுத்துக்கற அனுமதி குடுத்தேன். எட்டாம் நாள் ஒரு வருஷத்துக்கான 4,200 ரூபாய் போயிருச்சு. அது எனக்குத் தெரிஞ்சதே மூணு மாசம் கழிச்சுதான். நோட்டுல பாருங்க, நான் அதைத் திறந்தது மொத்தம் 19 நாள். அப்படின்னா ஒரு நாளைக்கு 221 ரூபாய். வெளிய ரெண்டு வேளை நல்லா சாப்பிடலாம்ங்க அந்தக் காசுக்கு.

ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படித் தானா காசு எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே நமக்குத் தகவல் வரணும். வந்துச்சு. அன்னைக்கு வந்த நாப்பது மெசேஜ்ல அதுவும் ஒண்ணு. அதோட 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் பின் நம்பரோ ஓடிபியோ கேக்காம எடுத்துக்கலாம். மத்தவங்களுக்கு இது வசதி. நிறுத்திக் கேட்டாதான் சுதாரிக்கிற நம்ம மாதிரி ஆளுங்களுக்கு, காசு எங்க போகுதுன்னே தெரியாது.

அதனால விலையை மட்டும் வரிசையா அடுக்கிப் பாத்தா நமக்குப் பத்தாது. மறந்துட்டா எவ்வளவு போகும்னு சேத்துப் பாக்கணும்.

முதல்ல வேலைப் பட்டியல் போடற ரெண்டு ஆப். டோடோயிஸ்ட் ப்ரோ, வருஷத்துக்கு 60 டாலர், மாச மாசம்னா 7 டாலர். முன்னாடி கம்மியா இருந்துச்சு, 2025 டிசம்பர்ல ஏத்துனாங்க. ஃப்ரீல அஞ்சு ப்ராஜெக்ட் தருவாங்க, எனக்கு அதுவே மிச்சம். டிக்டிக் ப்ரீமியம் வருஷத்துக்கு 35.99 டாலர். டைமர், தினப் பழக்கத்தைக் குறிச்சு வைக்கிற ஹாபிட் ட்ராக்கர் எல்லாம் உள்ளேயே இருக்கறதால நாலு ஆப்புக்கு அலைய வேணாம். நான் காசு கட்டி வெச்சிருக்கறது இது ஒண்ணுதான். பத்து மாசத்துல 212 நாள் திறந்திருக்கேன், நோட்டு சொல்லுது. டாலர் விலைய அப்படியே ரூபாயா மாத்திப் பாக்காதீங்க, 18 சதவீதம் ஜிஎஸ்டி, கார்டா இருந்தா பேங்க் பிடிக்கறதுன்னு மேல ஏறலாம்.

டைமர் வெச்சு கொஞ்ச நேரம் வேலை, கொஞ்ச நேரம் ஓய்வுன்னு மாத்தி மாத்திச் செய்யற போமோடோரோ முறைக்குன்னு தனியா ஆப் வாங்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. பிரான்செஸ்கோ சிரில்லோ 1980கள் கடைசியில அந்த முறைய ஆரம்பிச்சதே தக்காளி மாதிரி இருந்த ஒரு சமையலறை டைமரை வெச்சுதான். எங்க பாத்திரக்கடையில டைமர் வாங்கி மேசையில வெச்சிருக்கேன். மணி பாக்க ஃபோனை எடுத்து, அப்படியே அரை மணி நேரம் அதுல போறது நின்னுருச்சு.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச ரெண்டு. காப்லின் டூல்ஸ். வெப்சைட்டுல ஒரு பைசா இல்ல, விளம்பரமும் இல்ல. ஃபோன் ஆப்பா வேணும்னா ஒரே தடவை சின்னத் தொகை. "ரூமை சுத்தம் பண்ணணும்"னு போட்டா, அதைச் சின்னச் சின்ன வேலையா உடைச்சுத் தரும். எவ்வளவு மலைப்பா இருக்குன்னு திரையில இருக்கற மிளகாய் படத்தைத் தட்டிக் காட்டலாம், காரம் ஏற ஏற இன்னும் பொடிசா உடைக்கும். எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியாம கட்டில்ல உக்காந்தே இருப்போமே, அந்த நேரத்துக்கு இது.

ரெண்டாவது ஃபோகஸ்மேட். முன்பின் தெரியாத ஒருத்தரும் நீங்களும் வீடியோல எதிரெதிர உக்காந்து அவங்கவங்க வேலையப் பாப்பீங்க. வாரத்துக்கு மூணு தடவை ஃப்ரீ. பாடி டபுளிங்னு பேரு. பரீட்சை நேரத்துல அம்மா பக்கத்துல உக்காந்து கீரை ஆய்ஞ்சுட்டு இருப்பாங்க. பாடத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. ஆனா அவங்க எந்திரிச்சுப் போனா என் புஸ்தகமும் மூடிரும். அதான் இது. என் வருமான வரி கணக்கை ரெண்டு வருஷத்துக்கப்புறம் நேரத்துல முடிச்சது இப்படித்தான்.

ட்ரையல் போட்டா அன்னைக்கே கேன்சல் பண்ணிருங்க. பெரும்பாலும் மிச்ச நாள் ஓடத்தான் செய்யும். ஆப்பை ஃபோன்ல இருந்து தூக்குனா சந்தா நிக்காது, அதைத் தனியா நிறுத்தணும். ஆண்ட்ராய்டுல ப்ளே ஸ்டோர் திறந்து மேல உங்க படத்தைத் தொட்டா பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்னு வரும். ஐஃபோன்னா செட்டிங்ஸ், உங்க பேரு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ். அப்புறம் யுபிஐ ஆப்ல ஆட்டோபேவையும் ஒரு பார்வை.

அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா நம்ம பாக்க மாட்டோம். இப்பவே போய்ப் பாருங்க. நான் வீடியோவ நிறுத்தல, மைக்கை மட்டும் அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்றேன். நீங்க முடிச்சுட்டு வர்ற வரைக்கும் இங்கயேதான் உக்காந்திருப்பேன்.