லே குளிரில் ஜீன்ஸ் காய்ந்த கதை

வணக்கம் மக்களே! லடாக்கின் லே நகரத்திலிருந்து பேசுகிறேன், வெளியே பளிச்சென்று வெயில். போன வீடியோவுக்குக் கீழே பாதிப் பேருக்கு ஒரே கேள்வி: "லடாக் போயும் பனியைக் காட்டவில்லையே, நிஜமாகவே அங்கேதான் இருக்கிறீர்களா?" எனக்குக் கோபமே வந்துவிட்டது. லே ஒரு பாலைவனம்ங்க! வருஷம் முழுக்க மழை, பனி எல்லாம் சேர்த்தாலே சுமார் 100 மில்லிமீட்டர்தான். தென்மேற்குப் பருவமழையை இமயமலை அந்தப் பக்கமே தடுத்துவிடும். குளிர்காலத்தில் மேற்கே மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்று கொஞ்சம் பனி போடும். ஜனவரி ராத்திரியில் மைனஸ் 15, சில நாள் மைனஸ் 20கூடப் போகும். ஆனாலும் மறுநாள் வானம் நீலமாகத்தான் இருக்கும். இந்த ஊரை ஆள்வது குளிர் இல்லை, வறட்சி. அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

என் ஜீன்ஸையே பாருங்கள். இங்கே ஒரு கடையில் ஜீன்ஸ் துவைக்க 150 ரூபாய் கேட்டார்கள். ஒரே ஒரு ஜீன்ஸுக்கு 150! முடியவே முடியாது என்று வந்துவிட்டேன். குழாய்த் தண்ணீர் உறைந்துபோனதால் விடுதியில் காலையில் ஒரு வாளி வெந்நீர்தான். குளியலைத் தள்ளிப்போட்டு அதிலேயே துவைத்து மாடிக் கொடியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கருவாடு மாதிரி விறைத்துவிட்டது. சுவரில் சாய்த்தால் அப்படியே நிற்கிறது! முழங்கால் மடிப்பில் பொடிப்பொடியாய் ஐஸ். விடுதி ஆமாலே, அதாவது அந்த அம்மா, "மடக்காதே, உடையும். அப்படியே விடு" என்றார். மறுநாள் மத்தியானம் விறைப்பே இல்லை. இடுப்புப் பட்டியில் மட்டும் லேசான ஈரம், மற்றதெல்லாம் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. காற்றில் ஈரமே இல்லாததால் ஐஸ் உருகாமலே நேராக ஆவியாகிவிடுகிறது. பள்ளியில் பதங்கமாதல் என்று படித்தோமே, அதுவேதான். 150 ரூபாய் மிச்சம், எனக்குப் பரம சந்தோஷம்!

அட, உயரத்தைச் சொல்லவே இல்லை பாருங்கள். சுமார் 3,500 மீட்டர். காற்று மெல்லியது, அதனால் வெயிலில் முகம் எரியும், நிழலுக்கு நகர்ந்தால் பல் கிட்டும். கோடையிலும் இதே மெல்லிய காற்றால் தொல்லை உண்டு. 2024 ஜூலைக் கடைசியில் வெயில் ஏறி லே விமானங்களையே ரத்து செய்தார்கள். சூட்டில் காற்று இன்னும் மெல்லிசாகிவிட்டால் விமானம் மேலெழும்ப அது போதாது.

மழையே பெய்யாது என்று நம்பிக் கட்டிய ஊர் இது. சுடாத மண் செங்கல் சுவர், பாப்ளர் மர உத்தரம், அதன்மேல் வில்லோ குச்சி பரப்பி மண் பூசிய மொட்டை மாடி. பனியைத் துடைப்பத்தால் தள்ளிவிடலாம், பெருமழையை என்ன செய்வது? 2010 ஆகஸ்ட் 5 ராத்திரி மேகவெடிப்பு வந்தபோது லேக்குப் பக்கத்திலுள்ள சோக்லம்சர் ஊரில் வீடுகள் சேற்றோடு போயின. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். "லடாக்கில் நல்லா மழை பெய்யட்டும்" என்று தயவுசெய்து கமெண்ட் போடாதீர்கள். இங்கே தண்ணீர் வேண்டும், ஆனால் அது மெதுவாக வர வேண்டும்.

அதனால்தான் லடாக் பொறியாளர் சோனம் வாங்சுக்கின் ஐஸ் ஸ்தூபி எனக்கு அவ்வளவு பிடிக்கும். மேட்டிலிருந்து குழாயில் வரும் ஓடைத் தண்ணீரைக் குளிர்கால ராத்திரியில் பீய்ச்சி, கூம்பாக உறைய வைப்பார்கள். கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு, அதனால் சீக்கிரம் உருகாது. ஏப்ரல், மே மாதம் பார்லி விதைக்கத் தண்ணீர் வேண்டும், மேலே இருக்கும் பனிப்பாறையோ ஜூனில்தான் நன்றாக உருகும். அந்த இடைவெளியை இந்தக் கூம்பு அடைக்கிறது. அடுத்த வீடியோவில் பியாங் கிராமத்துக்குப் போய், குழாய் உறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு வருகிறேன்.