ஒரு பருக்கைகூடப் போடாத வீட்டுக்கு ஏன் வந்தது?

நடுவர் ஐயா அவர்களே, கோயில் கொடைக்கு வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, எதிரணி அண்ணாச்சிமாரே, அனைவருக்கும் வணக்கம்.

'காட்டுப் பறவை மனுஷனை நெருங்கி வருவது பசியாலா, நம்பிக்கையாலா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி, "டிராக்டர் உழுதால் பின்னாலேயே உண்ணிக்கொக்கு வருகிறதே, அது டிரைவர் மேல் உள்ள பிரியத்திலா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். சரி, கொக்கு வருவது உழவில் கிளம்பும் பூச்சிக்குத்தான். மாட்டு முதுகில் கரிச்சான் உட்காருவதும் வெட்டுக்கிளிக்காகத்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரை கிடைக்காத இடத்துக்கும் பறவை வருகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எங்கள் ஆச்சி வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், ஒரு கொடிக்கம்பி உண்டு. ஒரு பங்குனியில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு அதில் கூடு கட்ட ஆரம்பித்தது. கட்டுவது பெண் சிட்டு. நாரையும் சருகையும் சிலந்தி வலையால் ஒட்டி, தொங்கும் பை மாதிரி ஒரு கூடு. பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் விரல் நகம் அளவுக்கு ஒரு தாழ்வாரம். முதல் நாலு நாள், ஆள் அசைந்தாலே முருங்கைக்குப் பறந்துவிடும். அங்கே இருந்து தலையைச் சாய்த்துச் சாய்த்து எங்களையே பார்க்கும். ஆச்சி சொன்னாள்: "ஏட்டி, கொடியில துணி போடாத. அது நம்மளப் பாத்துக்கிட்டு இருக்கு."

அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் கம்பியில் ஒரு துண்டுகூட விழவில்லை. கூட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து ஆச்சி அரிசி புடைப்பாள். சிட்டு மூக்கை மட்டும் வாசலில் நீட்டிக்கொண்டு அடைகாத்திருக்கும். வெளியாள் யாராவது நடையில் செருப்பைக் கழற்றினால் விருட்டென்று பறந்துவிடும். அதற்கு நாங்கள் ஒரு பருக்கை போட்டதில்லை, போட்டாலும் தின்னாது. அது குடிப்பது பூவின் தேன், குஞ்சுக்குக் கொண்டுவருவது பூச்சியும் சிலந்தியும். காக்கைக்குப் பயந்துதான் வீட்டுக்குள் வந்தது என்று எதிரணி சொல்லலாம். நானும் அதையேதான் சொல்கிறேன். காக்கையைவிட மனுஷன் மேல் என்று கட்டைவிரல் அளவு உயிர் ஒன்று பார்த்துப் பார்த்து முடிவெடுக்கிறது. அந்த முடிவை நம்பிக்கை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

காக்கையைப் பற்றியும் அண்ணாச்சி பேசினார். சோறு வைத்தால் வரும், வைக்காவிட்டால் வராது என்றார். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஜான் மார்ஸ்லஃப் 2006-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஆதிமனிதன் முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூடிக் கத்தின. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்து கத்தின, அதுவும் பல வருஷத்துக்கு. அவை நம் ஊர்க் காக்கை இல்லை, வேறு இனம்தான். ஆனாலும் கேட்கிறேன், பசி ஒன்றே காரணம் என்றால் முகத்தை எதற்கு இத்தனை கவனமாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்? சோறு எல்லார் கையிலும் ஒரே சோறுதானே.

நம் பனங்காட்டுக்கு வாருங்கள். அந்தி நேரத்தில் பொந்து வாசலில் புள்ளி ஆந்தை நிற்கும். நீங்கள் நின்றால் அது தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிப் பார்க்கும். பலர் அதை அபசகுனம் என்று திரும்பி நடக்கிறார்கள், எனக்கு மனசு வலிக்கும். ஆந்தையின் கண் நம் கண்ணைப்போல் குழிக்குள் உருளாது. அதனால் தலையை அசைத்துத்தான் தூரத்தை அளக்கும். உங்களிடம் அதற்கு எலியா இருக்கிறது, வண்டா இருக்கிறது? 'யார் இது, எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது' என்று அளக்கிறது, அவ்வளவுதான். அசையாமல் நின்று பாருங்கள், அதுவும் போகாது. அந்த ரெண்டு நிமிஷம் எனக்குப் பெரிய கௌரவம்.

கூண்டுக்கிளியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பறந்து போக வழி உள்ள பறவை போகாமல் நிற்பதைத்தான் பேசுகிறோம்.

கடைசியாக, நாங்குநேரி பக்கத்துக் கூந்தன்குளம். 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் பறவைகள் அதற்கு ரொம்ப முந்தியே அங்கே குடியேறிவிட்டன. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் மீன் பிடிப்பது குளத்தில். கூடு கட்டுவதோ, குளத்து மரங்களோடு நிற்காமல், ஊருக்குள் வீட்டோரத்து வேம்பிலும் புளியிலும். முற்றமெல்லாம் எச்சம், மீன் நாற்றம், ராத்திரி முழுக்கக் குஞ்சுகளின் சத்தம். யாரும் கல்லெறிவதில்லை. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். அந்த ஊர்ப் பெண்கள் தலைக்கு மேல் நாரையை வைத்துக்கொண்டுதான் கோலம் போடுகிறார்கள்.

நடுவர் ஐயா, நாளைக் காலையில் ஒரு நடை அங்கே போய்வாருங்கள். கூட்டுக்கும் ஓட்டுக்கூரைக்கும் நடுவில் எத்தனை அடி என்று கண்ணால் அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன். வணக்கம்.