ரோஸ் பவுலை வாழவைத்தது மாற்றமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், பருவம் முடிந்தபின் நடக்கும் 'பவுல்' ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது ரோஸ் பவுல். அதை வாழவைத்தது மரபா, மாற்றமா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர், "அதே புத்தாண்டு நாள், அதே பாசடீனா ஊர், அதே இரண்டு வட்டாரத்து அணிகள்" என்று மூன்று விரலை நீட்டிவிட்டுப் போனார். நல்ல கைதட்டல் வேறு. அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கலாம்.

அதற்கு முன் பிறந்த கதை. 1890இல் பாசடீனாவில் தொடங்கியது பூ ஊர்வலம்தான், பந்து இல்லை. கிழக்கே பனி கொட்டும் ஜனவரியில் எங்கள் கலிஃபோர்னியாவில் ரோஜா பூக்கிறது பாருங்கள் என்று காட்டுவதற்கு. 1902இல்தான் ஆட்டம் வைத்தார்கள், மிச்சிகனுக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும். நம் ஊர்க் கால்பந்து இல்லை ஐயா, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். மிச்சிகன் அந்தப் பருவம் முழுக்க யாருக்கும் ஒரு புள்ளிகூடக் கொடுக்காத அணி. அதன் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்டோ முந்தைய பருவத்தில் இதே ஸ்டான்ஃபோர்டுக்குப் பயிற்சி கொடுத்தவர். வீட்டுச் சாவி வைக்கிற இடம் தெரிந்தவரே வந்து புகுந்த மாதிரி! 49–0. எட்டு நிமிடம் மிச்சமிருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டு 'போதும் சாமி' என்று ஆட்டத்தை முடித்துக்கொண்டது.

மரபுதான் உயிர் என்றால் அடுத்த ஆண்டும் ஆடியிருக்க வேண்டுமே? பந்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். 1904 முதல் ரோமாபுரி பாணியில் ரத ஓட்டம். யானைக்கும் ஒட்டகத்துக்கும்கூட ஒரு முறை பந்தயம் விட்டார்கள். யானை ஜெயித்தது! பந்து திரும்பி வர 1916 ஆயிற்று. 'ரோஸ் பவுல்' என்ற பெயரே புது மைதானம் கட்டியபின் 1923இல் வந்ததுதான்.

சரி, முதல் விரல், புத்தாண்டு நாள். ஜனவரி 1 ஞாயிறாக வந்தால் ஊர்வலமும் ஆட்டமும் 2ஆம் தேதிக்குப் போய்விடும். தேவாலய வாசலில் கட்டியிருக்கும் குதிரைகள் ஊர்வலச் சத்தத்தில் மிரளும் என்று 1893இல் செய்த ஏற்பாடு அது. குதிரைக்காகவே நாளை மாற்றியவர்கள் ஐயா அவர்கள்!

இரண்டாவது விரல், பாசடீனா. பெர்ல் ஹார்பரில் குண்டு விழுந்ததும் மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடக்கூடாது என்று ஆகிவிட்டது. 'ரத்து' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்களா? 1942 ஆட்டத்தை நாட்டின் மறுகோடிக்கு, வட கரோலினாவின் டர்ஹமுக்கு, டியூக் பல்கலைக்கழக மைதானத்துக்கே கொண்டுபோனார்கள். மழையில் ஆடி, சொந்த மண்ணில் நின்ற டியூக்கை 20–16 என்று வென்றது ஓரிகன் ஸ்டேட். பெருந்தொற்றுக் காலத்தில் 2021 ஆட்டம் டெக்சஸின் ஆர்லிங்டனில் நடந்தது. ஊரைப் பிடித்துத் தொங்கியிருந்தால் அந்த இரண்டு ஆட்டமும் ஏது?

மூன்றாவது, அந்த இரண்டு வட்டாரம். பசிபிக் கரை அணியும் மத்திய மேற்கு அணியும் ஆண்டுதோறும் மோத வேண்டும் என்பது 1946இல் கையெழுத்தான ஒப்பந்தம், ஐயா! அதற்கு முன்பே 1926இல் தெற்கிலிருந்து அலபாமா வந்து வாஷிங்டனை 20–19 என்று ஒரே புள்ளியில் சாய்த்துவிட்டது. அப்புறம் தேசிய வாகையர் யார் என்று முடிவுசெய்யும் ஏற்பாட்டுக்குள் ரோஸ் பவுல் நுழைந்தது. 2002இல் மோதிய மயாமி, நெப்ராஸ்கா இரண்டுமே அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்தவை. 2006இல் வின்ஸ் யங் கடைசி நிமிடத்தில் ஓடிப்போய்ப் புள்ளியெடுத்து, டெக்சஸ் 41–38 என்று ஜெயித்தது. இன்றைக்கும் ரசிகர்கள் சிலாகிக்கும் ஆட்டம். பழைய ஒப்பந்தத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் டெக்சஸ் அங்கே வந்தே இருக்காது.

மணியடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். எதிரணித் தலைவர் கையில் இன்னும் இரண்டு விரல் மிச்சம். அடுத்துப் பேச வருகிறவர் அதில் எதை நீட்டப் போகிறார் என்று பார்க்கத்தான் காத்திருக்கிறேன். வணக்கம்.