சிஆர்பி ஏறியிருக்கிறது, அப்பா நடப்பாரா?

(தண்டையார்பேட்டையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமார்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

வடசென்னையில் பக்கவாத வார்டு வாசலில் நின்றால் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும். மகனோ மருமகளோ லேப் ரிப்போர்ட்டை நீட்டி, "சிஆர்பி இவ்ளோ ஏறியிருக்கே சார், அப்பா நடப்பாரா?" என்பார்கள். சிஆர்பி என்பது ரத்தத்தில் அளக்கிற ஒரு புரதம். இன்றைக்கு அந்தக் கேள்வியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வரும் பக்கவாதம்தான் அதிகம். அதில் ஒருவர் எந்த அளவுக்கு மீண்டார் என்பதைப் பொதுவாக மூன்று மாதம் கழித்து அளக்கிறார்கள். 1957-இல் ஜான் ராங்கின் என்ற மருத்துவர் கொடுத்த அளவுகோல் அது, பிறகு திருத்தப்பட்டது. 0 என்றால் எந்தக் குறையும் இல்லை. 2 வரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார். 4 என்றால் துணையில்லாமல் நடக்க முடியாது. 6 என்றால் மரணம்.

இந்த எண்ணை முன்கூட்டியே சொல்ல ரத்தம் உதவுமா என்று உலகமெங்கும் ஆராய்கிறார்கள். ஆனால் நோயாளியின் வயதும், வந்து சேர்ந்தபோது பாதிப்பு எவ்வளவு கடுமை என்பதும் சொல்லிவிடுகிற அளவுக்கு எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்வதில்லை. அவற்றுக்கு மேல் ரத்தம் கொஞ்சம்தான் கூட்டிச் சொல்கிறது.

சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். வந்தவுடன் விரலில் குத்திப் பார்ப்பது அதைத்தான். சர்க்கரை ரொம்பக் குறைந்தாலும் பக்கவாதம் போலவே கை கால் இழுக்கும், அதனால் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் முன் பார்த்தே ஆக வேண்டும். சேரும்போது சர்க்கரை ஏறியிருந்தவர்கள் பின்னால் அதிகம் சிரமப்படுகிறார்கள் என்பதும் உண்மை. சரி, வேகமாக இறக்கிவிட்டால் பிழைப்பார்களா? அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு 80 முதல் 130-க்குள் இறுக்கிப் பிடித்தார்கள். இன்னொரு பிரிவுக்கு 179 வரை விட்டார்கள். மூன்று மாதத்தில் வித்தியாசம் இல்லை. இறுக்கிப் பிடித்தவர்களில்தான் சர்க்கரை அபாயமாக இறங்கிப்போனது அதிகம். முன்னறிவிப்பு சொல்கிற எண் எல்லாமே நோயின் காரணமாகிவிடாது. தயவுசெய்து பயந்துபோய் நீங்களாகவே மாத்திரையை இரட்டிப்பாக்காதீர்கள்.

இப்போது அந்த சிஆர்பி. உடம்பில் அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கிற புரதம். மூளைத் திசு செத்தாலும் ஏறும், நெஞ்சில் சளி கட்டினாலும் ஏறும். பக்கவாதத்தில் விழுங்கும் தசைகள் தளர்ந்துபோய், ஊட்டுகிற கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வருவது சாதாரணமாக நடக்கிறது. அதனால் இரண்டாம், மூன்றாம் நாளில் சிஆர்பி ஏறினால், "நடப்பாரா" என்று கேட்பதைவிட, "நெஞ்சு சுத்தமா இருக்கா, விழுங்குறது சரியா இருக்கான்னு பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம். டாக்டர் சொல்லும்வரை வாயில் ஒரு சொட்டு தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

நியூரோஃபிலமெண்ட் என்று ஒரு புரதம் உண்டு. நரம்பிழைகள் சிதையும்போது ரத்தத்தில் கசியும். மூளை எவ்வளவு சேதமானது என்பதை இது நன்றாகக் காட்டுகிறது. ஆனால் நாள் செல்லச் செல்லத்தான் ஏறும். முதல் மணி நேரத்து முடிவுக்கு உதவாது. நம் தெரு லேபில் கிடைக்கிற டெஸ்டும் இல்லை.

எனக்கு நிஜமாகவே கவலை தருவது வேறு. ரிப்போர்ட்டைப் பார்த்து "இனி அவ்ளோதான்" என்று முடிவுகட்டி, பிசியோதெரபியை நிறுத்திவிடுகிற வீடுகள் இருக்கின்றன. மடங்கிய கையை யாரும் நீட்டிவிடாமல் விட்டால் அது அப்படியே இறுகிப்போகும். இந்த எண்கள் ஆயிரம் பேரின் சராசரியைச் சொல்பவை. உங்கள் அப்பா ஒருவர்.

இன்னொன்று, புறா ரத்தம் தடவுகிற பழக்கம். அதில் போகிற நேரம் திரும்ப வராது. கட்டி கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108.

வீடு திரும்பியவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக்கே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.