குக்குறுவானின் அமெரிக்கச் சொந்தம்

வணக்கம். டெல்லியில் வெயில் ஏறத் தொடங்கியதும் என் கைப்பேசிக்கு வருஷம் தவறாமல் படங்கள் வரும். சாம்பல் நிறப் பறவை, பெரிய வளைந்த மூக்கு. பின்னால் லோதி தோட்டத்துக் கல்லறை மண்டபம் தெரியும், இல்லாவிட்டால் யார் வீட்டுக் கூலரோ தெரியும். கூடவே ஒரு வரி: "சார், நம்ம காலனிக்கு டூக்கான் வந்திருக்கு!"

வந்திருப்பது இருவாச்சி. பக்கத்து வீட்டு இந்திக்காரரைக் கேட்டால் தனேஷ் என்பார். எங்கிருந்தோ வந்த விருந்தாளி இல்லை, இந்த ஊர்க்காரர்தான். டூக்கான் என்பது மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரைக்கும் உள்ள காடுகளில் மட்டுமே வாழ்கிற கூட்டம். இருவாச்சிக்கும் அதற்கும் உறவு கிடையாது. ஆனால் டூக்கானின் சொந்தக்காரர் ஒருவர் டெல்லியில் இருக்கிறார், உங்கள் வீட்டு வேப்பமரத்திலேயே இருக்கக்கூடும். அவரை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

டூக்கான் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, ஆரஞ்சு நிறப் பெரிய அலகு. அது டோக்கோ டூக்கான், இருப்பதிலேயே பெரியது. என் பிரியம் அதன்மேல் இல்லை. மரகத டூக்கானெட் என்று ஒரு சின்ன டூக்கான் உண்டு. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும், மேகம் வந்து மரத்தோடு உரசுகிற மலைக்காடுகளில் இருப்பது. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 30, 35 சென்டிமீட்டர். எடை 150, 200 கிராம். உடம்பு முழுக்கப் பச்சை. அலகின் மேல்பக்கம் மஞ்சள், கீழ்பக்கம் கறுப்பு, முகத்தோடு சேருமிடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மெக்சிகோவில் தொண்டை வெள்ளையாக இருக்கும், கோஸ்டா ரிகாவில் நீலமாக இருக்கும். இவை ஒரே இனமா, தனித்தனி இனங்களா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

பச்சை இலைக்குள் பச்சைப் பறவை. சும்மா இருந்தால் கண்ணில் படவே படாது. ஆனால் அது சும்மா இருப்பதில்லை. ஒரே சுருதியில், ஒரே தாளத்தில், "வாக், வாக், வாக்" என்று நிமிஷக்கணக்கில் கத்தும். இந்தக் குரலைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

அது சாப்பிடுகிற அழகைச் சொல்ல வேண்டும். அலகு நீளம், நாக்கோ இறகு மாதிரி மெல்லியது, பழத்தை உள்ளே தள்ள உதவாது. அதனால் அலகின் நுனியில் பழத்தைப் பிடித்து, தலையை அண்ணாந்து, நாம் பொரிகடலையைத் தூக்கி வாயில் போட்டுக்கொள்வதுபோல உள்ளே எறிந்துகொள்ளும். பெரிய கொட்டையாக இருந்தால் பிறகு கக்கிவிடும். அப்படிக் கக்கிய கொட்டை தாய்மரத்தைவிட்டுத் தள்ளி விழுகிறது, காடு பரவுகிறது. இவ்வளவு சொன்னதும் சாதுவான பழந்தின்னி என்று நினைத்துவிடாதீர்கள். பல்லி தின்னும், பூச்சி தின்னும், பிற பறவைகளின் கூட்டில் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தூக்கும். அதே காட்டில் கெட்சால் என்று ஒரு பறவை, அழகுக்கே பேர்போனது. அதன் கூட்டையும் விட்டுவைக்காது.

சரி, டெல்லிக்கு வருவோம். எங்கள் மாடிக்கு மேல்வீட்டில் ஒரு மாமி இருக்கிறார், மாயவரத்துக்காரர். ஒரு மார்ச் மாதம் கீழே இறங்கி வந்தார். "சார், உங்காத்துல ஏதாவது தட்டிண்டிருக்காளா? கார்த்தாலேருந்து டொக் டொக்னு ஒரே சத்தம், தலை வலிக்கறது." நாங்கள் தட்டவில்லை. அடுத்த வீட்டைக் கேட்டார், அங்கேயும் இல்லை. மொட்டைமாடித் தண்ணீர் மோட்டார்தான் என்று முடிவுகட்டி, பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பையன் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆன்ட்டிஜி, மோட்டார் தோ பந்த் ஹை" என்றான். மாமி நம்பவில்லை. சுவிட்சைப் போட்டு அணைத்துக் காட்டினான். மோட்டார் நின்றது, டொக் டொக் நிற்கவில்லை. மாமி ஜன்னல் ஜன்னலாகப் போய்க் காது கொடுத்தார். ஒருமுறை கிழக்கே கேட்கிறது, ஒருமுறை மேற்கே கேட்கிறது. பிளம்பருக்கு வந்துபோன கூலி கொடுத்து அனுப்பிய பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். முன்பே திறந்திருக்கலாம், ஆனால் பேச விட்டால்தானே! எதிரே அரசமரத்தின் மொட்டைக் கிளை உச்சியில் சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, தொண்டை மஞ்சள், உடம்பு பச்சை. செம்மார்புக் குக்குறுவான். வாயைத் திறக்காமலே தொண்டையை உப்பவைத்துக் கூவும். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் கூவுவதால்தான் திசை பிடிபடாது. மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இத்தனூண்டா? இதுக்கா ஐம்பது ரூபாய் அழுதேன்?"

இந்த இத்தனூண்டுதான் டூக்கானின் சொந்தக்காரர். ஒரே சுருதி, ஒரே தாளம், நிறுத்தாத குரல். மனதில் வைக்கச் சொன்னேனே, அதுதான். குரல் ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம் என்பீர்கள். சரி, காலைப் பாருங்கள். குக்குறுவானுக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். மரங்கொத்திக்கும் அப்படியே, டூக்கானுக்கும் அப்படியே. இருவாச்சிக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. அதன் சொந்தங்கள் வேறு, நம் புல்தரையில் கொத்தித் திரிகிற கொண்டலாத்தி அந்த வழி. மரபணு ஆய்வும் இதையேதான் சொல்கிறது. தென் அமெரிக்காவில் டூக்கான் குக்குறுவான் என்றே பெயர் வாங்கிய பறவை இருக்கிறது, பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அமெரிக்கக் குக்குறுவான்கள் டூக்கானுக்கு நெருங்கிய உறவு, நம் ஆசியக் குக்குறுவான்கள் கொஞ்சம் தள்ளிய உறவு. தள்ளியிருந்தாலும் உறவு உறவுதான். இருவாச்சிக்கு அதுகூடக் கிடையாது.

பிறகு மூக்கு எப்படி ஒரே மாதிரி வந்தது? பிழைப்பு ஒன்று, அதனால்தான். மெல்லிய கிளை நுனியில் பழம் இருக்கும், பறவையின் கனத்தை அந்தக் கிளை தாங்காது. தடித்த கிளையில் உட்கார்ந்தபடியே எட்டிப் பறிக்க நீண்ட அலகு தேவை. அங்கே டூக்கானுக்கு வந்தது, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருவாச்சிக்கு வந்தது. தனித்தனியாக.

குடும்பம் நடத்தும் விதம் கேட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். இருவாச்சிப் பெண் மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கீற்று இடைவெளி மட்டும் விடும். ஆண் அந்த வழியாக ஊட்டும். டூக்கானெட் வீட்டில் அந்தச் சிறையெல்லாம் இல்லை. மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்தைப் பிடித்துக்கொண்டு, மூன்று நான்கு வெள்ளை முட்டைகளை ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். அதிலும் பொறுமை கிடையாது, ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் பெரிய காரியம். இரண்டு வாரத்தில் குஞ்சு வரும், கண் திறக்காமல், ரோமமில்லாமல். பொந்தில் மெத்தை ஏது? கக்கிய கொட்டைகள்தான் தரை. அதில் உட்கார்ந்து தேய்ந்துபோகாமல் இருக்கக் குஞ்சின் குதிகாலில் தடித்த தோல் திண்டு ஒன்று இருக்கும். சுமார் ஆறு வாரம் அதன்மேல்தான் வாசம்.

வானொலி நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமாம். அலகும் வெயிலும் பற்றி ஐந்து நிமிஷத்துக்கு எழுதி வைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். டூக்கான் அலகு பார்க்கத்தான் பெரிது, உள்ளே எலும்பு வலைப்பின்னல், வெளியே நகம்போன்ற மெல்லிய ஓடு, அவ்வளவுதான் கனம். அந்த ஓட்டுக்கடியில் ரத்தக் குழாய்கள். உடம்பு சூடானால் அலகுக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டுச் சூட்டை வெளியேற்றும், குளிர்ந்தால் அடைத்துக்கொள்ளும். 2009-இல் டோக்கோ டூக்கானை வெப்பக் கேமராவில் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்காவின் மஞ்சள் அலகு இருவாச்சியும் அலகு வழியாகச் சூட்டை விடுகிறது என்று பிறகு தெரிந்தது. அதுவும் உறவால் வந்ததில்லை.

தூங்கும்போது டூக்கான் வாலை முதுகுமேல் மடித்துப் போட்டு, அலகையும் முதுகிலேயே சாய்த்து இறகுப் பந்தாகிவிடும். வால் எலும்பில் அதற்கென்றே ஒரு தனி மூட்டு இருக்கிறது. அதை விளக்க இப்போது நேரமில்லை. நேரம் முடிந்தது என்கிற விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. வணக்கம்.